றோட்டில் வேலை செய்கிறவர் அடிபட்டால் அது யாருடைய விபத்து?

இந்தச் செய்தியை நீங்கள் கட்டாயம் எங்கேயாவது வாசித்திருப்பீர்கள். வீதித் திருத்த வேலையில் ஈடுபட்டிருந்த தொழிலாளி ஒருவர் மீது லொறி மோதியது. வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட பின் அவர் உயிரிழந்தார். சாரதி கைது செய்யப்பட்டார். சம்பவம் தொடர்பில் மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் முன்னெடுத்து வருகின்றனர். ஊரின் பெயரையும் வயதையும் மாற்றினால் போதும், அடுத்த செய்தியும் தயார்.

அந்த நாலு வரியில் லொறி இருக்கிறது, சாரதி இருக்கிறார், பொலிஸ் இருக்கிறது. அந்த மனிதரை அந்த இடத்தில், அந்த நேரத்தில் நிற்க வைத்தது யார் என்பது மட்டும் இல்லை. அவருக்கு யார் சம்பளம் கொடுத்தார்? குழி தோண்டச் சொன்ன நிறுவனம் எது? அவருக்கு முன்னால் எத்தனை கோன் வைத்திருந்தார்கள்? அன்றைக்கு அவருக்கு அது எத்தனையாவது மணித்தியால வேலை? செய்தி எழுதுகிறவரும் கேட்பதில்லை, வாசிக்கிற நாங்களும் கேட்பதில்லை.

வெள்ளவத்தையில் எட்டு மாடி அப்பார்ட்மென்ட் ஒன்று கட்டும்போது ஒருவர் மேலேயிருந்து விழுந்தால் எங்களுக்கு முதலில் வருகிற கேள்வி, “பெல்ட் கொடுக்கேல்லையா? யாருடைய கட்டடம்?” என்பதுதான். ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தில் கை மாட்டினால் முதலாளியைத்தான் கேட்போம். அதே ஆள் காலி வீதியில் தண்ணீர்க் குழாய் போடுகிறபோது அடிபட்டால் மட்டும் அது “வீதி விபத்து” ஆகிவிடுகிறது. வீதி விபத்து என்றால் எங்கட மூளைக்குத் தெரிந்த குற்றவாளி ஒரே ஆள்தான்: சாரதி. சில நேரம் அடிபட்டவர். “கவனமா நிண்டிருக்கலாமே.”

எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். றோட்டில் வேலை செய்கிறவருக்கு அந்த றோட்டுத்தான் வேலைத்தளம். அங்கே வாகனம் மோதினால் அது வேலைத்தள விபத்து. பெயரை மாற்றுவதால் என்ன ஆகும் என்று கேட்கலாம். யாரை விசாரிப்பது, யார் பணம் கட்டுவது, அடுத்த முறை எதைத் திருத்துவது என்பதையெல்லாம் இந்தப் பெயர்தான் முடிவு செய்கிறது.

கோனுக்கு உள்ளே ஓடுகிற வாகனம்

முதலில் ஒரு தப்பான படத்தைக் கலைக்க வேண்டும். வீதித் தொழிலாளி அடிபடுவது என்றதும் வெறி போட்ட சாரதியும் வேகமாக வந்த காரும்தான் எங்களுக்கு ஞாபகம் வருகிறது. ஆனால் ஆபத்தில் பெரிய பங்கு கோனுக்கு உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. டிப்பர், பெக்கோ, ரோலர்.

அமெரிக்காவின் தொழில் புள்ளிவிபரப் பணியகம், 2003 முதல் 2007 வரை வீதி வேலைத்தளங்களில் இறந்த 639 தொழிலாளரின் மரணங்களைத் தொகுத்துப் பார்த்தது. வாகனம் மோதி இறந்தவர்களில், வீதியால் போன கார், வான், லொறி மோதி இறந்தவர்களைவிட, வேலைக்கென்றே கொண்டுவந்த இயந்திரங்களும் டிப்பர்களும் மோதி இறந்தவர்கள் அதிகம். பின்னோக்கி வருகிற டிப்பர் அதில் முக்கியமான ஒன்று. அதாவது அவர்களைக் கொன்றது முன்பின் தெரியாத யாரோ ஒரு சாரதி இல்லை. அதே வேலையில், அதே சுப்பவைசருக்குக் கீழே வேலை செய்த இன்னொரு ஆள்.

இது ஏன் என்று விளங்க ஒரு ஒழுங்கை காபட் போடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியைச் சுற்றி இருக்கிற மாதிரியான குறுகிய தெரு என்று வையுங்கள். தார்க்கலவை சுமார் 150 பாகை செல்சியஸ் சூட்டில் டிப்பரில் வருகிறது. அது 80, 90 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டால் ரோலர் எத்தனை தரம் ஓடினாலும் ஒழுங்காக இறுகாது. அதனால் அந்த வேலை முழுக்க ஒரு அவசரம் இருக்கிறது. டிப்பர் திரும்ப இடமில்லை, பின்னோக்கித்தான் வரவேண்டும். கலவையைக் கொட்டியதும் வாரியும் சவளும் வைத்திருக்கிற ஆக்கள் அதைப் பரப்ப உள்ளே இறங்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் ரோலர் முன்னும் பின்னும் போய் வருகிறது. ரோலருடைய ஓட்டத்தில் சரிபாதி பின்னோக்கிய ஓட்டம். இதற்கிடையில் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் இடம் கண்ட பக்கத்தால் நுழையும்.

டிப்பர் சாரதி உயரத்தில் இருக்கிறார். வண்டிக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்பது கண்ணாடியில் தெரியாது. குனிந்து தார் பரப்புகிறவர் அந்த உயரத்துக்கு இன்னும் தெரியமாட்டார். “பீப் பீப்” என்று சத்தம் வருமே என்று சொல்லலாம். மூன்று இயந்திரம் நாள் முழுக்கப் பீப் பீப் என்று கத்தினால் காது அதைச் சத்தமாகவே எடுக்காது. எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று பிரித்தறிவதும் கஷ்டம். இரவில் என்றால் பக்கத்து வீட்டாக்கள் நித்திரை கொள்ள முடியவில்லை என்று சத்தம் போடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல ஏலாது.

ஆனால் இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்க விதிப்படி, பின்பக்கம் சரியாகத் தெரியாத வண்டி பின்னோக்கி வருவதென்றால் எச்சரிக்கை ஒலி இருக்க வேண்டும், அல்லது பின்னால் நின்று கைகாட்டுகிற ஒருவர் இருக்க வேண்டும். பிரித்தானியாவில் ஆக்கள் நடக்கிற பாதையையும் வண்டி ஓடுகிற பாதையையும் பிரித்துவிடு என்பதுதான் முதல் பாடம். இடம் இருக்கிற இடத்தில் வண்டி ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகிற மாதிரித் திட்டம் போட்டால் பின்னோக்குகிற வேலையே குறைந்துவிடும். இதற்கெல்லாம் செலவு ஒரு ஆளின் சம்பளமும் காலையில் பத்து நிமிடக் கூட்டமும்தான். அந்த ஒரு ஆள் இல்லாததற்குச் சாரதி மட்டும் பொறுப்பா? ஆள் வைக்கிறதும் வைக்காததும் அவருடைய கையில் இல்லையே.

இரவு வேலை யாருடைய வசதிக்கு

சரி, வெளியே இருந்து வருகிற வாகனத்துக்கு வருவோம். அங்கேயும் கதை சாரதியோடு முடிவதில்லை.

மணிக்கு 50 கிலோமீற்றரில் வருகிற வண்டி ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 14 மீற்றர் போகிறது. சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரைச் செக்கன் என்றாலும், பிரேக் பிடிக்கத் தொடங்க முன்னமே 21 மீற்றர் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் வண்டி மெதுவாகும். இப்போது எங்கட ஒழுங்கைகளில் பார்க்கிற ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். குழிக்கு நாலைந்து மீற்றர் முன்னால் ஒரு கோன், சில இடத்தில் ஒரு சிவப்பு நாடா, அதுவும் இல்லாத இடத்தில் மரத்தில் முறித்த ஒரு கொப்பு. அந்தக் கோனைக் காணுகிற நேரத்தில் சாரதி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் செய்யக்கூடியது அதிகம் இல்லை. வேகம் கூடினால் கணக்கு இன்னும் மோசம். 40 இல் வருகிற வண்டியைவிட 60 இல் வருகிற வண்டி இரண்டேகால் மடங்கு சக்தியோடு மோதும்.

ஒரேஞ்ச் ஜக்கெட் போட்டிருக்கிறார்தானே என்று கேட்பார்கள். அந்த ஒரேஞ்ச் நிறம் பகல் வெளிச்சத்துக்குத்தான் பளிச்சென்று தெரியும். இரவில் வேலை செய்வது ஜக்கெட்டில் இருக்கிற வெள்ளிப் பட்டி மட்டும். அதுவும் வெளிச்சம் நேராக விழுந்தால், பட்டி தேயாமல் இருந்தால், தாரும் மண்ணும் அப்பாமல் இருந்தால். ஆறு மாதம் றோட்டில் அடிபட்ட ஜக்கெட்டில் அந்தப் பட்டி என்ன நிலைமையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது ஒரு சங்கடமான விசயம். கொழும்பில் பிரதான வீதி வேலைகள் ஏன் இரவில் நடக்கின்றன? பகலில் செய்தால் எங்களுக்கு ட்ரபிக். காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையடியில் காலை எட்டு மணிக்கு ஒரு லேனை மூடினால் தெஹிவளைப் பாலம் வரைக்கும் வண்டி நிற்கும், எல்லாரும் ஸ்டோரி போடுவார்கள். அதனால் வேலை இரவுக்குப் போகிறது. இரவில் வீதி காலி. காலியான வீதியில் வண்டி வேகமாக வரும். வெளிச்சம் குறைவு, சாரதிக்கும் தூக்கம், வேலை செய்கிறவருக்கும் தூக்கம். பகலில் எங்களுக்கு அரை மணித்தியாலம் மிச்சமாகிறது. அதற்கான ஆபத்தை இரவில் வேறு ஒருவர் சுமக்கிறார். இரவு வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கட வசதிக்காக அவர்களை இருட்டுக்குள் அனுப்புகிறோம் என்றால், அந்த இருட்டுக்குத் தேவையான வெளிச்சத்தையும் தடுப்பையும் கேட்கிற கடமையும் எங்களுக்கு இருக்கிறது.

2024 மார்ச் 26 அதிகாலை அமெரிக்காவின் பால்ட்டிமோரில் கப்பல் மோதிப் பாலம் இடிந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கப்பல் மோதப் போகிறது என்று தெரிந்ததும் பொலிஸார் பாலத்துக்கு வருகிற வாகனங்களைத் தடுத்து நிறுத்தினார்கள். அதனால் பல உயிர்கள் தப்பின. பாலத்தின் மேலே இரவு வேலையாக வீதியின் பள்ளங்களை நிரப்பிக்கொண்டிருந்த தொழிலாளருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். எல்லாரும் மெக்சிக்கோ, குவாத்தமாலா, ஹொண்டூராஸ், எல் சல்வடோர் பக்கம் இருந்து பிழைக்கப் போனவர்கள். அங்கே மோதியது கப்பல், எங்கட விசயம் லொறி, உண்மைதான். ஆனால் வாகனங்களை நிறுத்த ஒரு வழி தயாராக இருந்தது, வேலை செய்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு வழி தயாராக இருக்கவில்லை. வீதி என்றால் போக்குவரத்து என்று மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அதன் மேலே நிற்கிற மனிதர் தெரியமாட்டார்.

கொடி பிடிக்கிறவர்கள்

இந்த வேலை செய்கிறவர்கள் யார்? கொழும்பில் குழி தோண்டுகிற, கொடி பிடிக்கிற, தார் பரப்புகிற ஆக்களோடு இரண்டு வார்த்தை கதைத்தால் தெரியும். ஹட்டன், பொகவந்தலாவை, பதுளைப் பக்கம் தோட்டங்களில் இருந்து வந்தவர்கள், வடக்குக் கிழக்கிலிருந்து வந்தவர்கள், தெற்கில் சிங்களக் கிராமங்களில் இருந்து வந்தவர்கள். கன பேர் நாட்சம்பளம். பெரிய ஒப்பந்தக்காரருக்குக் கீழே சின்ன ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒருவர். சம்பளம் யாருடைய கையால் வருகிறது என்பது தெரியும், யாருடைய நிறுவனம் என்பது தெரியாது.

எங்கட பக்கத்தில் ஒரு வேலை நடந்தபோது கொடி பிடித்துக்கொண்டு நின்ற ஒரு அண்ணாவிடம், இந்த வேலைக்கு ஏதாவது பழக்கினார்களா என்று கேட்டேன். “கொடிய காட்டிக்கிட்டு ஒரு ஓரமா நின்னுக்கன்னு சொன்னாங்க தங்கச்சி, வேற என்னா” என்றார். கொடி பிடிப்பது ஒன்றும் தெரியாத ஆளுக்குக் கொடுக்கிற வேலை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். உண்மையில் அந்த இடத்தில் மற்ற எல்லாருடைய உயிரும் அவருடைய கையில். முதலில் அடிபடக்கூடிய ஆளும் அவர்தான். ஏனென்றால் வருகிற வண்டிக்கு ஆக முன்னால் நிற்கிறவர் அவர்.

மொழியும் இதில் ஒரு விசயம். சுப்பவைசர் சிங்களத்தில் கத்துவார், கையாள் தமிழில் யோசிப்பார். பாவித்த ஜப்பான் பெக்கோவில் ஒட்டியிருக்கிற எச்சரிக்கை ஜப்பான் மொழியில் இருக்கும். “பின்னால வருது” என்பதை விளங்கிக்கொள்ள அரைச் செக்கன் பிந்தினாலும் போதும். தமிழ் மொழி உரிமை பற்றி நாங்கள் கதைக்கும்போது பெயர்ப்பலகையில் இருக்கிற எழுத்துப்பிழையைப் படம் பிடித்துப் போடுகிறோம். அது தேவைதான். ஆனால் வேலைத்தளத்தில் பாதுகாப்பு அறிவுறுத்தல் தனக்கு விளங்குகிற மொழியில் கிடைப்பதும் அதே உரிமைதான். இதில் எழுத்துப்பிழை இல்லை, உயிர்ப்பிழை.

இந்தக் கண் இன்றைக்கு நேற்றுத் தொடங்கியது இல்லை. இந்த நாட்டின் பெரிய வீதிகள் பிரித்தானியர் காலத்தில் போடப்பட்டபோது உடலுழைப்பைக் கொடுத்தவர்கள் சிங்களக் கிராமத்தவர்களும் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகளும். 1848 இன் வீதிச் சட்டம் ஆண்களை வருடத்துக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய் அல்லது மூன்று சிலிங் கட்டு என்றது. அந்த வருடத்து மாத்தளைக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். கண்டி வீதியால் போகும்போது கடுகண்ணாவையில் ஒரு உயரமான கோபுரம் தெரியுமே, அது அந்த வீதியைப் போட்ட பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாகக் கட்டியது. நல்லது. அவர் போட்ட வீதியில் மலையை வெட்டியவர்களுக்கும் மண் சுமந்தவர்களுக்கும் அப்படி ஒரு கோபுரம் இல்லை. கோபுரம் கேட்டு நான் எழுதவில்லை. ஒரு பதிவேடு கேட்டுத்தான் எழுதுகிறேன்.

சட்டத்தில் இருப்பது

சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 இலேயே வந்தது. அதன் அடிப்படை எளிமையானது. வேலையின் காரணமாக, வேலையின்போது ஒருவர் காயப்பட்டால் அல்லது இறந்தால் தொழில் தருநர் நட்டஈடு கொடுக்க வேண்டும். தொழில் தருநர் பிழை செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. மோதியது வெளியார் வாகனம் என்பதாலும் அவர் தப்ப முடியாது. நாட்சம்பளம் என்பதாலும் இந்த உரிமை இல்லாமல் போகாது. 2022 இல் வந்த திருத்தம் உச்சத் தொகையை 550,000 ரூபாயிலிருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கிற விபத்தையும் உள்ளே எடுத்தது.

ஆனால் இது தானாக வந்து கதவைத் தட்டாது. இது வேலைத்தள விபத்து என்று யாராவது சொல்லி, நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். வீட்டில் எல்லாரும் இதை வீதி விபத்து என்று நினைத்தால் என்ன நடக்கும்? பொலிஸ் நிலையம், சாரதி, காப்புறுதி, வழக்கு. மோட்டார் வழக்கு இழுபடும். அடித்துவிட்டு ஓடிய வண்டி என்றால் அதுவும் இல்லை. நடுவில் ஒப்பந்தக்காரர் செத்த வீட்டுக்கு ஒரு கவரோடு வருவார். அதை அவர்கள் உதவி என்று வாங்குவார்கள். சட்டப்படி தங்களுக்கு வரவேண்டியது என்ன என்று தெரியாமல்.

இன்னொன்று. தொழிலாளி வேண்டுமென்றே பாதுகாப்பு உத்தரவை மீறினார் என்று காட்டினால் காயத்துக்கான நட்டஈட்டை மறுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. “ஜக்கெட் போடேல்ல” என்ற ஒரு வசனத்துக்கு அப்படி ஒரு பெறுமதி. அதனால்தான் ஜக்கெட் கொடுத்தார்களா, எந்த நிலைமையில் கொடுத்தார்கள், உத்தரவு எந்த மொழியில் சொல்லப்பட்டது என்ற கேள்விகள் முக்கியம்.

நட்டஈடு நடந்ததற்குப் பிறகு வருவது. நடக்காமல் தடுக்கிற சட்டம் எது என்று பார்த்தால், 1942 இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம்தான் இன்னும் முதுகெலும்பு. பெயரிலேயே தெரிகிறது, அது நாலு சுவரையும் ஒரு கூரையையும் மனதில் வைத்து எழுதியது. தினமும் நூறு மீற்றர் நகர்ந்துகொண்டு போகிற வேலைத்தளம், நடுவால் 100 ஆம் இலக்க பஸ் ஓடுகிற வேலைத்தளம், அதன் கண்ணுக்குள் சுலபமாக வராது. 2009 இல் தொழில்சார் பாதுகாப்புக்கான தேசிய நிறுவனம் ஒன்று சட்டத்தால் உருவாக்கப்பட்டது. முழுமையான புதிய பாதுகாப்புச் சட்டம் பற்றிய பேச்சு பல வருடமாக நடக்கிறது.

நிதி எங்கிருந்து வருகிறது என்பதும் வித்தியாசத்தை உண்டாக்கும். இங்குருகடைச் சந்தியிலிருந்து துறைமுகப் பக்கம் போகிற 5.3 கிலோமீற்றர் மேம்பாலப் பாதை போன்ற ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன் திட்டங்களில், கடனோடு சேர்ந்து தொழிலாளர் பாதுகாப்பு நிபந்தனைகளும் வரும். அதே கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் ஐந்து பேர் இரண்டு இரவில் முடிக்கிற குழாய் வேலைக்கு அப்படிக் கேட்கிறதற்கு ஆள் இல்லை. பெரிய வேலையில் உயிருக்கு ஒரு விலை, சின்ன வேலையில் இன்னொரு விலை என்று இருக்க முடியாது.

எங்கட இலவச வைத்தியம் இந்தக் கணக்கை இன்னும் மறைக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இலவச வைத்தியம் பெரிய விசயம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு எலும்பைப் பொருத்துகிறது, செலவு அரசுக்கு. நாலு மாதம் சம்பளம் இல்லை, செலவு குடும்பத்துக்கு. குழிக்கு முன்னால் இன்னும் பத்துக் கோன் வைக்காமல் மிச்சம் பிடித்தவருக்குச் செலவே இல்லை.

சாரதியில் பிழையே இல்லையா?

இருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர், குடித்துவிட்டு ஓட்டுகிறவர், கோனைச் சுற்றிப் பாய்கிற பஸ், எல்லாரும் பொறுப்புத்தான். ஆனால் சாரதியைத் தண்டிப்பதும் வேலைத்தளத்தை விசாரிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

2023 மார்ச் 22 அன்று, அதே பால்ட்டிமோருக்குப் பக்கத்தில், 695 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஒரு கார் வேலைத்தளத்துக்குள் புகுந்து ஆறு தொழிலாளரைக் கொன்றது. இரண்டு கார்கள் மணிக்கு 160 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் வந்து ஒன்றோடொன்று உரசியிருந்தன. இதைவிடத் தெளிவான சாரதிப் பிழை கிடையாது. சாரதிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதோடு நிற்கவில்லை. கொங்கிறீற்றுத் தடுப்பில் இருந்த இடைவெளியால்தான் அந்தக் கார் உள்ளே வந்தது என்பதையும் விசாரணையாளர்கள் பார்த்தார்கள். அடுத்த வருடம் மேரிலன்ட் மாநிலம் வேலைத்தள வேகக் கட்டுப்பாட்டை மீறுவதற்கான அபராதத்தைக் கூட்டியது. மனிதர் பிழை விடுவார் என்று எதிர்பார்த்துத்தான் தடுப்பே வைக்கிறோம். எல்லாச் சாரதியும் ஒழுங்காக ஓட்டினால் கோன் எதற்கு?

கிட்ட இருக்கிற உதாரணம் வேண்டுமென்றால் சிங்கப்பூர். அங்கே வீதியும் சுரங்கப் பாதையும் கட்டுகிறவர்களில் தமிழ்நாட்டுக்காரர் கன பேர். அந்த நாட்டு மனிதவள அமைச்சு வேலைத்தள மரணங்களை எண்ணி வெளியிடுகிறது: 2022 இல் 46, 2023 இல் 36, 2024 இல் 43. காரணம் வாரியாகவும் பிரிக்கிறது. வாகன விபத்து அதில் முன்வரிசையில் இருக்கிறது, அதையும் அவர்கள் வேலைத்தள மரணமாகவே எண்ணுகிறார்கள். 2022 இல் எண்ணிக்கை கூடியதால்தான் செப்டெம்பரில் விசேட பாதுகாப்புக் காலம் அறிவித்து நிறுவனங்களை இறுக்கினார்கள். சிங்கப்பூர் சொர்க்கம் இல்லை. தொழிலாளரை லொறியின் பின்பக்கத்தில் ஏற்றிச் செல்கிற வழக்கம் பற்றி அங்கே வருடக்கணக்காகச் சண்டை நடக்கிறது. 2021 ஏப்ரலில் அப்படி 17 பேரோடு போன லொறி, நின்றுகொண்டிருந்த டிப்பரில் மோதி இருவர் இறந்தார்கள். இந்தியாவில் அதே வருடம் ஓகஸ்டில், மகாராஷ்டிராவின் புல்டானாவில் நெடுஞ்சாலை வேலைக்கு இரும்புக் கம்பியோடு தொழிலாளரையும் ஏற்றிச் சென்ற டிப்பர் புரண்டு 13 பேர் இறந்தார்கள். ஆளையும் கம்பியையும் ஒரே பெட்டியில் ஏற்றியது சாரதியின் ஐடியாவாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. எண்ணுவதால் மட்டும் உயிர் தப்பாது என்பது சரி. ஆனால் எண்ணாத நாட்டில் சண்டை பிடிக்கவே கையில் ஒன்றும் இருக்காது.

நாங்கள் என்ன செய்யலாம்

“அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்” என்று எழுதி முடிப்பது சுலபம். அதைவிடக் கொஞ்சம் கூடச் செய்ய எங்களால் முடியும்.

ஒன்று, பேச்சை மாற்றுவது. ஊடகத்தில் வேலை செய்கிற, பக்கம் நடத்துகிற நண்பர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது ஒரு வரி கூடச் சேருங்கள்: அது யாருடைய வேலைத்தளம், ஒப்பந்தம் யாருக்கு. அந்த ஒரு வரிக்காக ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தாலே போதும், அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு யாரோ பார்க்கிறார்கள் என்பது தெரியும்.

இரண்டு, தெரிந்ததைச் சொல்வது. உங்கள் வீட்டுக்கு முன்னால் குழி தோண்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது நட்டஈட்டுச் சட்டத்தைப் பற்றியும் இரண்டு வசனம் சொல்லலாம். சட்ட உதவி ஆணைக்குழு என்று ஒன்று இருப்பதைச் சொல்லலாம். சட்டபீட நண்பர்கள் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தந்தால் நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம்.

மூன்று, கேட்பது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருகிறாரா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், பிறகு ஆணைக்குழுவுக்குப் போகலாம். வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் கொழும்பு மாநகர சபைக்கும் தொழில் திணைக்களத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பலாம் என்பது என் யோசனை. கேட்க வேண்டியது நாலே கேள்வி.

கடந்த ஐந்து வருடத்தில் உங்கள் வீதி வேலைகளில் வாகனமோ இயந்திரமோ மோதிக் காயப்பட்டவர்கள் எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை பேர்? அதில் எத்தனை பேருக்கு நட்டஈடு கிடைத்தது? இரவு வேலைக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற பாதுகாப்பு ஏற்பாடுகள் எவை? வேலை நடக்கும்போது அதைப் போய்ப் பார்ப்பவர் யார்?

பதில் வந்தால் அதை இங்கேயே போடுவோம். “அத்தகைய பதிவுகள் பேணப்படுவதில்லை” என்று வந்தால் அதையும் போடுவோம். கடிதத்தில் பெயர் போட விருப்பமான ஆக்கள் எழுதுங்கள். மூன்று நிறுவனத்துக்கு மூன்று பேர் போதும்.